ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினால் அங்கே என்ன நடக்கிறது?

போன மாதம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு பிள்ளை வட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: “அக்கா, கட்டுரையை அனுப்பிட்டன். எந்தக் கிழமை வரும்?”

முதுமாணிப் பட்டத்துக்காகச் செய்த ஆய்வைச் சுருக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தாள். அனுப்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை. தகப்பனார் வாரவெளியீடுகளுக்கு எழுதுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையைப் பிரித்துப் பார்ப்பதுபோலத்தான் இதையும் எதிர்பார்த்தாள். அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனது. அதே கேள்வியோடு வேறு பலரும் இருப்பதால் அதை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

குழப்பத்தின் வேர் சொல்லிலேயே இருக்கிறது. ஐந்தாம் தரத்துப் பிள்ளை ‘எங்கள் வீட்டு நாய்’ என்று எழுதுவதும் கட்டுரை. வீரகேசரியிலும் தினகரனிலும் வருவதும் கட்டுரை. ஆய்விதழில் வருவதும் கட்டுரை. ‘பேப்பர்’ என்று சொன்னால் இன்னும் சிக்கல்: காலையில் கடையில் வாங்குவதும் பேப்பர், சோதனை மண்டபத்தில் தருவதும் பேப்பர், விரிவுரையாளர் ‘போட்டதும்’ பேப்பர். இதனால் இரண்டு தவறான எண்ணங்கள் ஊன்றிவிட்டன. நன்றாக எழுதினால் போடுவார்கள் என்பது ஒன்று. ‘ஜேர்னலில் வந்துவிட்டது, இனி மறுபேச்சில்லை’ என்பது மற்றது. கொரோனாக் காலத்தில் இந்த இரண்டாவது எண்ணம் நம் குடும்ப வட்ஸ்அப் குழுக்களை என்ன பாடு படுத்தியது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

## கோயில் கணக்கு வாசிக்கும் கூட்டம்

ஏதாவது ஒரு கோயில் பரிபாலன சபையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். பொருளாளர் எழுந்து திருவிழாக் கணக்கை வாசிக்கிறார்: பந்தலுக்கு இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு, தவில் நாதஸ்வரத்துக்கு இவ்வளவு. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழும்புகிறார். “பந்தலுக்குப் பற்றுச்சீட்டு எங்கே?” இன்னொருவர், “போன வருசமும் இதே பந்தல்தானே, ஏன் இவ்வளவு வித்தியாசம்?” என்கிறார். கேட்பவர்கள் வெளியார் இல்லை. ஒரு காலத்தில் அவர்களும் பொருளாளராக இருந்தவர்கள், பந்தற்காரரோடு பேரம் பேசியவர்கள். கணக்கு எந்த இடத்தில் நழுவும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

திருவிழா எவ்வளவு அழகாக நடந்தது என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. அதைச் சொல்லப் பத்திரிகைக் கட்டுரை இருக்கிறது. ஆய்வுக் கட்டுரை ஒரு கணக்கு. இதைத் தேடினேன், இப்படித் தேடினேன், இவ்வளவு கிடைத்தது, அதை வைத்து இவ்வளவுதான் சொல்லலாம், இதோ பற்றுச்சீட்டு. அந்தக் கணக்கைத் துறை தெரிந்தவர்கள் முன் வைத்து, கேள்வி கேட்கவிட்டு, பதில் வாங்கி, பிறகு எவரும் எடுத்துப் பார்க்கும்படி நிரந்தரமாகப் பதிந்துவைக்கும் ஏடுதான் ஆய்விதழ்.

இப்படிப் பதிந்துவைக்கும் ஏடுகள் 1665 இல் தொடங்கின. அந்த ஆண்டு ஜனவரியில் பாரிஸில் ஓர் இதழ் வந்தது. மார்ச்சில் லண்டனில், ரோயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் ‘ஃபிலொசொஃபிக்கல் ட்ரான்ஸக்ஷன்ஸ்’ இதழைத் தொடங்கினார். அது இன்றும் வருகிறது. கொழும்புக்கும் இது புதிய சங்கதி இல்லை. 1845 இல் இங்கே நிறுவப்பட்ட ரோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை தனக்கென ஒரு சஞ்சிகையை நடத்தியது. இலங்கை மருத்துவச் சங்கத்தின் ‘சிலோன் மெடிக்கல் ஜேர்னல்’ 1887 இல் தொடங்கியது. நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே இந்த நகரத்தில் ஆய்விதழுக்கு எழுதுகிறவர்கள் இருந்திருக்கிறார்கள்.

ஆக, ஆய்வுக் கட்டுரை பற்றுச்சீட்டோடு வைக்கப்படும் ஒரு கணக்கு. ஆய்விதழ் அந்தக் கணக்கைக் கேள்விக்கு உட்படுத்தும் கூட்டமும் பதிவேடும். மிச்சம் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

## ஆய்வேட்டை வெட்டினால் கட்டுரை வராது

நம் பிள்ளைகள் அதிகம் இடறுவது இங்கேதான். நூற்றைம்பது பக்க ஆய்வேட்டை இருபது பக்கமாகக் குறைத்து அனுப்புகிறார்கள். ஆய்வேடு பரீட்சகருக்கு எழுதப்பட்டது. ‘இந்தத் துறையில் எனக்கு எல்லாம் தெரியும்’ என்று காட்டுவது அதன் வேலை. ஆய்விதழ் வாசகருக்கு அந்தத் துறை ஏற்கெனவே தெரியும். அவருக்கு வேண்டியது ஒரு கேள்வியும் அதற்கான விடையும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கிகளில் நுளம்புக் குடம்பிகளைத் தேடுகிறாள். அவளுடைய ஆய்வேட்டில் டெங்குவின் வரலாறு, கொழும்பின் மழைக்காலங்கள், ஈடிஸ் நுளம்பின் வாழ்க்கை வட்டம், புகையடிப்பது, மக்களின் மனப்பாங்கு எல்லாம் இருக்கும். கட்டுரைக்கு அதிலிருந்து ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: மூடி சரியாகப் பொருந்திய தாங்கிக்கும் பொருந்தாத தாங்கிக்கும் குடம்பி இருப்பதில் வித்தியாசம் உண்டா? இந்தக் கேள்விக்கு உதவாத பந்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே போக வேண்டும். கை வராது, உண்மைதான். வெட்டியதை இன்னொரு கோப்பில் போட்டு வைத்தால் மனம் கொஞ்சம் ஆறும்.

அறிவியல் கட்டுரைக்குப் பெரும்பாலும் நான்கு அறைகள். முன்னுரை: ஏன் கேட்டேன். முறையியல்: எப்படித் தேடினேன். பெறுபேறுகள்: என்ன கண்டேன். கலந்துரையாடல்: அதற்கு என்ன பொருள், எதைச் சொல்ல முடியாது. வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் இந்த அறைகள் இப்படிப் பிரிந்திருக்காது. வாதம்தான் அங்கே கட்டுரையை நடத்திச் செல்லும். ஆனால் சான்று இல்லாமல் ஒரு வரியும் நகரக்கூடாது என்பது அங்கேயும் அதேதான்.

நான்கு அறைகளில் முறையியலை நம்மவர்கள் அவசரமாகக் கடக்கிறார்கள். பற்றுச்சீட்டு இருப்பது அங்கேதான். அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: மட்டக்குளியில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்ய முடியுமா? ‘காலையில் தாங்கிகளைப் பார்த்தோம்’ என்பது போதாது. எத்தனை மணிக்கு, மழை விட்டு எத்தனை நாளில், எந்த அளவு அகப்பையால் அள்ளி, யார் எண்ணினார்கள்? தொடர்மாடிகளை எப்படித் தெரிந்தெடுத்தீர்கள்? மேலே ஏற விடமாட்டோம் என்று எத்தனை பேர் மறுத்தார்கள்? மறுத்தவர்களின் எண்ணிக்கையை மறைக்கத் தோன்றும். மறைக்க வேண்டாம். மறுத்த வீடுகளில்தான் மூடியில்லாத தாங்கிகள் அதிகமோ என்ற சந்தேகம் வாசகருக்கு வரும். அந்தச் சந்தேகத்தை நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிட்டால் கட்டுரைக்குப் பலம் கூடும்.

எழுதும் வரிசை வாசிக்கும் வரிசையாக இருக்கத் தேவையில்லை. அட்டவணைகளை முதலில் செய்யுங்கள், பிறகு முறையியல், பெறுபேறுகள், கலந்துரையாடல், முன்னுரை. கடைசியில் ஆய்வுச் சுருக்கம். சுருக்கம் என்பது கட்டுரை முழுவதையும் இருநூறு, முந்நூறு சொற்களில் தரும் பந்தி. பெரும்பாலானோர் அதைத் தாண்டி வாசிப்பதில்லை. அப்படியிருந்தும் பலர் அதில் முன்னுரையைத்தான் திரும்ப எழுதுகிறார்கள். ‘பெறுபேறுகள் ஆராயப்பட்டன’ என்று முடித்துவிடுகிறார்கள். என்ன கண்டீர்கள் என்பதை எண்ணோடு அங்கேயே சொல்லுங்கள்.

‘இலங்கையில் முதன்முறையாக’ என்ற சொற்றொடரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளூர் இதழ்களை முழுவதும் தேடிப் பார்க்காமல் அதை எழுத வேண்டாம். ‘ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்’ என்ற தளத்தில் இந்நாட்டு ஆய்விதழ்கள் பல ஒரே இடத்தில் இருக்கின்றன; அரைநாள் செலவழித்தால் போதும்.

## அனுமதியும் பெயர்களும்

மனிதர்களிடம் தகவல் திரட்டும் ஆய்வுக்கு ஒழுக்கநெறி அனுமதி வேண்டும். பங்குபற்றுவோருக்குத் தீங்கு வராது, அவர்கள் தெரிந்து சம்மதித்திருக்கிறார்கள் என்பதை ஒரு சுயாதீனக் குழு முன்கூட்டியே பார்த்துத் தரும் ஒப்புதல் அது. மருத்துவ ஆய்வில் இதன் அடிப்படை 1964 இல் வெளியான ஹெல்சிங்கிப் பிரகடனம். முக்கியமான சொல் ‘முன்கூட்டியே’. வினாக்கொத்தைக் கொடுத்து முடித்துவிட்டு, இதழ் கேட்கிறதே என்று அனுமதிக்கு ஓடிவந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். நடந்து முடிந்த ஆய்வுக்கு முன்தேதியிட்டு அனுமதி தர எந்த நேர்மையான குழுவாலும் முடியாது. இரண்டு வருட உழைப்பு ஒரு கடிதம் இல்லாமல் தேங்கி நின்றதைப் பார்த்த வலி எனக்கு இன்னும் இருக்கிறது.

அடுத்தது, யார் பெயரைப் போடுவது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் சொல்கிறது. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும்; எழுதுவதிலோ ஆழமாகத் திருத்துவதிலோ பங்கு இருக்க வேண்டும்; இறுதிப் பிரதிக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும்; கட்டுரைக்குப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர வேண்டும். மரியாதைக்காகத் துறைத் தலைவரின் பெயரைச் சேர்ப்பதும், வீடு வீடாக ஏறித் தரவு எடுத்து எழுதவும் உதவிய தம்பியின் பெயரை விடுவதும் நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. இரண்டும் பொய்க்கணக்கு. பெயர்ப் பட்டியலை ஆய்வு தொடங்கும்போதே பேசி ஒரு மின்னஞ்சலில் எழுதிவைத்தால் பிறகு மனக்கசப்பு வராது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொறுப்பேற்க முடியாதவை. அவற்றின் பெயரைக் கட்டுரை எழுதியவர்களின் வரிசையில் போட முடியாது. பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்பதைக் கட்டுரையில் சொல்ல வேண்டும்.

## எந்த வாசலில் தட்டுவது

ஒவ்வோர் இதழும் தான் எதைப் போடும் என்று ஒரு பரப்பெல்லையை வைத்திருக்கும். உங்கள் மேற்கோள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் அடிக்கடி வரும் இதழ்கள்தான் உங்களோடு ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவை. கொழும்புத் தாங்கியின் கதை அமெரிக்க வாசகருக்கு எதற்கு என்று சொல்ல முடியாவிட்டால் உள்ளூர் இதழே சரியான இடம், அதில் குறைவு எதுவும் இல்லை. தேசிய விஞ்ஞான மன்றத்தின் இதழைப் போல இங்கிருந்து வெளிவந்து உலகச் சுட்டிகளில் இடம்பெறுபவையும் உண்டு. சுட்டி என்பது இதழ்களை வடிகட்டிச் சேர்த்துத் தேடத்தக்கதாக வைக்கும் தரவுத்தளம்.

தாக்கக் காரணி பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கணக்கு எளியது. ஓர் இதழ் இரண்டு ஆண்டுகளில் 100 கட்டுரைகள் வெளியிட்டு, அதற்கடுத்த ஆண்டில் அவை மொத்தம் 150 தடவை மேற்கோள் காட்டப்பட்டால் அதன் தாக்கக் காரணி 1.5. இது இதழின் சராசரி. ஒரு வகுப்பின் சராசரிப் புள்ளியை வைத்து அந்த வகுப்பிலுள்ள ஒரு பிள்ளையின் புள்ளியைச் சொல்ல முடியாது அல்லவா? உங்கள் கட்டுரையின் தரமும் அப்படித்தான்.

இனி, கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். ‘மதிப்புக்குரிய பேராசிரியரே, உங்கள் சிறந்த ஆய்வைக் கண்டு வியந்தோம்’ என்று ஒரு மின்னஞ்சல் வரும். நீங்கள் பேராசிரியராக இல்லாமல் இருக்கலாம். மூன்று நாளில் ஏற்றுக்கொள்வோம், கட்டணம் மட்டும் அனுப்புங்கள் என்று அது சொல்லும். இவை வேட்டை இதழ்கள்: கணக்கைப் பார்க்காமல் காசை மட்டும் வாங்குபவை. பதவி உயர்வுக்கு வெளியீடுகள் எண்ணப்படுகிற இடத்தில் இவற்றுக்கு இரை குறைவதில்லை. ஜெஃப்ரி பீல் என்ற அமெரிக்க நூலகர் இவற்றுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தார். 2017 ஜனவரியில் அது இணையத்திலிருந்து அகன்றது. 2013 இல் ‘சயன்ஸ்’ இதழில் ஜோன் பொஹனன் ஒரு சோதனையை வெளியிட்டார். லைக்கனிலிருந்து எடுத்த ஒரு பொருள் புற்றுநோய்க் கலங்களைத் தடுக்கிறது என்று வேண்டுமென்றே பிழைகளோடு புனைந்த கட்டுரையை 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

திறந்த அணுகல் என்றால் வாசகர் காசு கொடுக்காமல் படிக்கலாம் என்பது. அதுவே மோசடி ஆகிவிடாது. அப்படி நடக்கும் நல்ல இதழ்கள் பல எழுதுபவரிடம் வெளியீட்டுக் கட்டணம் வாங்குகின்றன, சில வாங்குவதே இல்லை. வேறுபாடு கணக்குப் பார்க்கிறார்களா என்பதில் இருக்கிறது. ஆசிரியர் குழுவில் இருப்பவர்களின் சொந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா? பழைய இதழ்களில் இரண்டு கட்டுரையை முழுதாக வாசித்தால் மனதுக்கு ஒப்புகிறதா? கட்டணம் எவ்வளவு என்பது அனுப்புவதற்கு முன்பே தெரிகிறதா? உங்கள் நூலகரிடம் கேளுங்கள். அவர்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். உண்மையான இதழின் கட்டணம் தாங்க முடியாததாக இருந்தால், நாட்டின் வருமான நிலையைப் பார்த்துக் குறைக்கும் பதிப்பகங்கள் உண்டு. அதை அனுப்பும்போதே கேட்க வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

அனுப்பும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கட்டுரை எழுதுவோருக்கு இதழ் தரும் அறிவுறுத்தலை வரிக்கு வரி பின்பற்றுங்கள். கட்டுரை எதைக் கண்டது, ஏன் இந்த இதழுக்கு என்று ஒரு பக்க முகப்புக் கடிதம் எழுதுங்கள். ஒரே நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டும் அனுப்புங்கள். கலியாணத்துக்குச் சாதகக் குறிப்பைப் பத்து வீட்டுக்கு அனுப்பலாம், கலியாண எழுத்து, அதாவது பதிவு, ஓரிடத்தில்தான். கட்டுரை அனுப்புவது அந்த எழுத்தைப் போன்றது. ஓர் இதழ் பதில் சொல்லும் வரை, அல்லது நீங்கள் எழுத்தில் திரும்பப் பெறும் வரை, இன்னொன்றுக்குப் போகக்கூடாது.

சுருக்கமாக: ஒரு கேள்வி, முழுமையான முறையியல், முன்கூட்டிய அனுமதி, நேர்மையான பெயர்ப் பட்டியல், கணக்குப் பார்க்கும் ஓர் இதழ். இவ்வளவும் இருந்தால் கட்டுரை வாசலைத் தாண்டும் தகுதியோடு நிற்கிறது.

## முகம் தெரியாத இருவர்

முதலில் பார்ப்பவர் இதழின் ஆசிரியர். பரப்பெல்லைக்கு வெளியே இருந்தாலோ, முறையியல் ஓட்டையாக இருந்தாலோ அவரே திருப்பி அனுப்பிவிடுவார். மேசை நிராகரிப்பு என்பது இதுதான். என்னுடைய முதல் கட்டுரை நாலாவது நாள் இப்படித் திரும்பி வந்தது. அன்றைக்கு முழுவதும் காலிமுகத்திடலில் போய் உட்கார்ந்திருந்தேன். இன்று யோசித்தால், ஆறு மாதம் காக்க வைத்துவிட்டு அதே பதிலைச் சொல்லாமல் நாலு நாளில் சொன்னது எனக்குச் செய்த உதவி.

தாண்டினால் ஆசிரியர் அதே துறையில் வேலை செய்யும் இருவர் அல்லது மூவரைத் தேடிக் கட்டுரையைக் கொடுப்பார். இதற்குச் சகமதிப்பாய்வு என்று பெயர். பெரும்பாலும் அவர்களுக்கு ஊதியம் கிடையாது. தங்கள் வேலைக்கு நடுவே இரவில் படிக்கிறார்கள். மாதங்கள் ஆவதற்கு அது ஒரு காரணம்; கேட்கும் பலர் நேரமில்லை என்று சொல்வது இன்னொன்று. சில இதழ்களில் மதிப்பாய்வாளருக்கு உங்கள் பெயர் தெரியும், அவருடைய பெயர் உங்களுக்குத் தெரியாது. வேறு சிலவற்றில் இரு பக்கமும் மறைத்திருக்கும்.

பெரியவர்களுக்கும் இது எளிதாக இருக்கவில்லை. 1936 இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோஸனும் ஈர்ப்பு அலைகள் இல்லை என்று முடிவுசெய்யும் ஒரு கட்டுரையை ‘ஃபிஸிக்கல் ரிவியூ’ இதழுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் ஜோன் டேட் அதை ஒரு மதிப்பாய்வாளருக்குக் கொடுத்தார். அவர் நீண்ட குறிப்புகளோடு தவறைச் சுட்டினார். ஐன்ஸ்டைன் கோபப்பட்டார், அச்சிடுவதற்கு முன் வேறு நிபுணர்களுக்குக் காட்ட உங்களுக்கு நாங்கள் அனுமதி தரவில்லையே என்று எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் மதிப்பாய்வாளர் சொன்னதுதான் சரி. அவர் ஹோவர்ட் பேர்சி ரொபர்ட்ஸன் என்ற இயற்பியலாளர். பிறகு பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனின் உதவியாளர் வழியாக அந்தப் பிழையை விளக்கினார். 1937 இல் கட்டுரை வேறோர் இதழில் முடிவு மாற்றப்பட்டு வெளியானது. ஈர்ப்பு அலைகள் 2015 இல் நேரடியாகப் பதிவாயின. அந்தப் பெயர் தெரியாத மனிதர் மௌனமாக இருந்திருந்தால் ஐன்ஸ்டைனின் பெயரில் ஒரு பிழை அச்சாகியிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. 1937 இல் ஹான்ஸ் கிரெப்ஸ், இன்று உயர்தர உயிரியல் மாணவர்கள் படிக்கும் கிரெப்ஸ் வட்டத்தைப் பற்றி ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். கடிதங்கள் குவிந்திருக்கின்றன, இப்போது இடமில்லை என்று இதழ் திருப்பிவிட்டது. அவர் வேறோர் இதழில் வெளியிட்டார். 1953 இல் நோபல் பரிசு பெற்றார். நிராகரிப்பு உங்கள் ஆய்வின் மதிப்பைச் சொல்லும் தீர்ப்பு ஆகாது. அந்த இதழ், அந்த வாரம், அந்த வாசகர் சம்பந்தப்பட்டது.

இனி, ‘ஜேர்னலில் வந்துவிட்டது, இனி மறுபேச்சில்லை’ என்ற அந்த இரண்டாவது தவறான எண்ணம். மதிப்பாய்வாளர் உங்களோடு மொட்டைமாடிக்கு ஏறவில்லை. பூக்கடைக்குப் பொருளாளரோடு போகாத உறுப்பினரைப் போல அவர் பற்றுச்சீட்டை மட்டும் பார்க்கிறார். பற்றுச்சீட்டே பொய்யாக இருந்தால் அவருக்கு அது பெரும்பாலும் தெரியவராது. 1998 இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு கட்டுரை, 12 பிள்ளைகளை வைத்துத் தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் இணைத்து உலகத்தைப் பயமுறுத்தியது. 2010 இல் இதழ் அதை மீளப்பெற்றது. அதாவது இதை இனி நம்பக்கூடாது என்று தன் பதிவேட்டில் குறித்தது. இடைப்பட்ட 12 ஆண்டுகளும் அது ‘ஜேர்னலில் வந்த’ கட்டுரைதான். மதிப்பாய்வு கடந்த கட்டுரை என்றால், கேள்வி கேட்கத் தெரிந்த இரண்டு மூன்று பேரின் முன் நின்று பதில் சொல்லியிருக்கிறது என்று பொருள். மற்றவர்கள் அதே வேலையைத் திரும்பச் செய்து பார்த்து ஒத்துக்கொள்ளும்போதுதான் நம்பிக்கை மெல்ல மெல்லக் கூடுகிறது.

## திருத்தக் கடிதம்

நேராக ஏற்றுக்கொள்ளப்படுவது மிக அபூர்வம். ‘பெரிய திருத்தம் தேவை’ என்று வந்தால் பிள்ளைகள் அதை நிராகரிப்பு என்று எடுத்து அழுகிறார்கள். அது உங்களைக் கூட்டத்தில் பேசச் சொல்லும் அழைப்பு. கடிதத்தை வாசித்து, மூடி வைத்து, இரண்டு நாள் கழித்து எடுங்கள். முதல் வாசிப்பில் எல்லாம் அவமரியாதையாகத் தெரியும். மூன்றாம் நாள் பாதிக்கு மேல் நியாயமாகத் தெரியும்.

பிறகு ஒரு பதில் கடிதம் எழுத வேண்டும். அவர்களுடைய ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே எழுதி, கீழே உங்கள் பதிலையும், கட்டுரையில் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் என்ன மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒன்றையும் தாண்டிப் போகாதீர்கள். நம் உதாரணத்தில் ஒருவர், “மழை விட்டு வேறுவேறு நாள்களில் தாங்கிகளைப் பார்த்திருக்கிறீர்கள், அந்த வித்தியாசம் முடிவைக் கெடுக்காதா?” என்று கேட்கிறார் என்று வைப்போம். ‘நன்றி, திருத்திவிட்டோம்’ என்பது பதில் இல்லை. மழைக்குப் பிந்திய நாள்களைக் கணக்கில் எடுத்து மறுபடி பகுத்தோம், வித்தியாசம் கொஞ்சம் குறைந்தாலும் இருக்கிறது, புதிய அட்டவணை இதோ என்பதுதான் பதில். மறுபகுப்பில் வித்தியாசம் மறைந்துபோனால் அதையும் சொல்ல வேண்டும், முடிவையும் மாற்ற வேண்டும்.

மதிப்பாய்வாளர் சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டும் என்றும் இல்லை. நம்மவர்களுக்கு இது கடினம். சேர் சொன்னார், மிஸ் சொன்னார் என்று தலையாட்டியே பழகிவிட்டோம். தரவு இடம் கொடுக்காத ஒன்றை அவர் கேட்டால் காரணத்தோடு பணிவாக மறுக்கலாம். ‘இந்த ஆய்வில் நுளம்பின் இனத்தை நாங்கள் பிரித்தறியவில்லை; அதனால் அதைப் பற்றிச் சொல்ல முடியாது; இந்தக் குறையைக் கலந்துரையாடலில் சேர்த்திருக்கிறோம்.’ ஆசிரியர்கள் இப்படிப்பட்ட பதிலை மதிக்கிறார்கள்.

## பெயர்ப் பெட்டி

ஏற்றுக்கொண்ட பிறகு அச்சுப்படி வரும்: பக்கம் கட்டிய வடிவம். இரண்டு மூன்று நாளில் திருப்பித் தரச் சொல்வார்கள். அட்டவணை எண்களையும் பெயர்களையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வெளியானபின் ஒரு பிழையைத் திருத்த வேண்டுமானால் தனியாக ஒரு திருத்த அறிவிப்புப் போட வேண்டியிருக்கும்.

பெயர் நமக்குத் தனிப் பிரச்சினை. படிவத்தில் இரண்டு பெட்டி இருக்கும்: சொந்தப் பெயர், குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர்ப் பெட்டியில் போட்டால் உலகம் முழுவதும் அவருடைய பெயரால்தான் உங்களை மேற்கோள் காட்டும். உங்கள் பெயரை அங்கே போட்டால் உங்கள் பெயரால் காட்டும். ஒரு கட்டுரையில் ஒருவிதம், அடுத்ததில் வேறுவிதம், திருமணத்துக்குப் பின் கணவர் பெயரோடு மூன்றாம் விதம் என்று போனால் ஒரே பெண் தரவுத்தளத்தில் மூன்று பேராகிவிடுகிறாள். ஆங்கில எழுத்துக்கூட்டல் அதற்கு மேல்: ஒரே ‘வ’வுக்கு இரண்டு எழுத்து, ‘த’வுக்குப் பின்னால் சிலர் ஓர் எழுத்தைச் சேர்ப்பார்கள், சிலர் விடுவார்கள். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தைத் தீர்மானித்து அதிலேயே நில்லுங்கள். 2012 இல் தொடங்கிய ‘ஓர்கிட்’ அடையாளம் 16 இலக்கங்கள் கொண்டது, இலவசம். பெயர் எப்படி மாறினாலும் கட்டுரைகள் எல்லாம் ஒருவருடையவை என்று அது சேர்த்து வைக்கும்.

வெள்ளவத்தைப் பிள்ளையிடம் கடைசியாக இதைத்தான் கேட்டேன். குடும்பப் பெயர்ப் பெட்டியில் என்ன போட்டாய்?

“அப்பாட பெயர் அக்கா. அவர் எழுதுறவர்தானே, பார்த்தா சந்தோசப்படுவார் எண்டு.”

நல்ல தெரிவு, இனி வரும் எல்லாக் கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும் என்று எழுதினேன். அவளுடைய கட்டுரையின் நிலை நேற்று ‘மதிப்பாய்வாளரிடம்’ என்று மாறியிருக்கிறது.